கல்லைக் கலைத்து அடுக்குகிறவர்

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிபோன அன்று, எங்களுக்கு முன்பே அங்கே இருந்தவர்களின் துணிக்கொடிகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. கீழ்ப் போர்ஷன் வாத்தியார் தன் ஸ்கூட்டரை இனி எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வாசலில் உருட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி, வருஷக்கணக்காக உரிமையோடு துணி காயப்போட்டு வந்த மாடி மூலையில் இப்போது வேறு யாருக்கோ கொடி கட்டியிருப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேறு யாரோ நாங்கள்தான். சாமான் வண்டியிலிருந்து கட்டில் இறங்குவதற்குள் இரண்டு பேருடைய பகையைச் சம்பாதித்துவிட்டோம்.

"தம்பி, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்றார் வீட்டுக்காரம்மா. "புதுசா ஒருத்தரை உள்ள விடறதுக்கு முன்னாடி கல்லையெல்லாம் கலைச்சு அடுக்கிடணும். அப்பத்தான் பழசுங்க அடிக்காது."

எந்தக் கல், எது அடிக்கும் என்று விழித்தேன். கூடத்துக்குள் கையைக் காட்டினார். கிழக்கு ஜன்னலை ஒட்டி மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. வழக்கமாக மீன்தொட்டிகளில் இருக்கும் பச்சைப் பிளாஸ்டிக் செடியோ, வாயைத் திறந்து திறந்து மூடும் பொம்மைப் பெட்டியோ இல்லை. வெறும் கருங்கல்லாக, இடையிடையே பொந்து விட்டு அடுக்கியிருந்தது. அந்தப் பொந்துகளிலிருந்து மஞ்சளும் நீலமுமாக மீன்கள் பாய்ந்து வந்து, ஒன்றையொன்று விரட்டிவிட்டு, மறுபடி உள்ளே போயின. ஆப்பிரிக்கன் சிச்லிட் என்றார். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு பெரிய ஏரியில் பாறை இடுக்குகளில் வாழ்கிற மீன்கள். ஆளுக்கொரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவனையெல்லாம் அடித்துத் துரத்தும். புது மீனைக் கொண்டுவந்து அப்படியே விட்டால் அதன் கதை முடிந்தது. அதனால் முதலில் கல் அத்தனையையும் வெளியே எடுத்து வேறு மாதிரி அடுக்கிவிட வேண்டும். தன் பொந்து எது என்று பழசுகளுக்கே தெரியாது. எல்லாம் வீடு தேடும் அவசரத்தில் இருக்கும்போது புதியவனும் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வான்.

நல்ல யோசனைதான். அதைக் குடித்தனக்காரர்களிடம் செய்து பார்க்கத்தான் தனித் துணிச்சல் வேண்டும்.

வீட்டுக்காரம்மாவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் எடுத்து வேறு பத்தியில் வைக்கச் சொல்வார். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகிற சாலையில், வயலுக்குச் சற்று முன்னால் ஊர் முடிகிற இடத்தில் அவர் வீடு. நான் அப்போது ஒரு விதைக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்தான் எனக்கு ஆபீஸ். அந்த பைக்குக்கு ஒரு நிழல் வேண்டும் என்பதைத் தவிர உலகத்திடம் நான் வேறொன்றும் கேட்டதில்லை. முருங்கை மரத்தடியில் ஒரு நல்ல இடம் கிடைத்தது. மாடியில் பின்பக்கப் போர்ஷனுக்கு ஒரு நர்ஸ் குடிவந்தார். மறுநாள் காலையில் என் பைக் வெயிலில் நின்றது. முருங்கையடியில் நர்ஸின் வண்டி.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். நேரே போய்க் கேட்டேன். வீட்டுக்காரம்மா பட்டாணியை வேகவைத்துத் தோல் உரித்து மீன்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இது நியாயமா? நான் என்ன மீனா?"

"மீனா இருந்தா இந்நேரம் சமாதானமா போயிருப்பீங்க தம்பி" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். "ஒரே இடத்துல ரொம்ப நாள் இருந்தா, இருக்கிற இடம் நம்மளுதுன்னு தோணிடும். அங்கதான் வம்பே ஆரம்பிக்கும்."

அடுத்த மாதம் நர்ஸும் வெயிலுக்குப் போனார். முருங்கையடியில் யார் வண்டியும் இல்லாமல் ஒரு துளசித்தொட்டி வந்து உட்கார்ந்தது. நானும் நர்ஸும் அன்று சேர்ந்து சிரித்தோம். யோசித்துப் பார்த்தால், நான்கு போர்ஷன் இருக்கிற அந்த வீட்டில் எனக்குத் தெரிந்து ஒரு சண்டைகூட வந்ததில்லை. எல்லோரும் வீட்டுக்காரம்மாவைத் திட்டுவதில் ஒற்றுமையாக இருந்தோம்.

மின்வாரிய அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் அவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஆபீசிலும் இதே வேலைதானாம். மாற்றலாகி யாராவது வருகிறார் என்று தெரிந்தால், அவர் வருவதற்கு முன்தினமே மேஜை நாற்காலியெல்லாம் இடம் மாறிவிடும். லீவு முடிந்து திரும்பிய ஒரு இன்ஜினியர், தன் மேஜை தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வேறு ஆபீசுக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போய் போர்டைப் படித்துவிட்டு வந்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு வரும்.

"ஆனா அவர் அதுக்கப்புறம் எல்லார்கிட்டயும் பேச ஆரம்பிச்சாரு தெரியுமா? தண்ணி குடிக்க எல்லாரும் அங்கதானே வரணும்!"

இந்த மீன்கள் அவரிடம் வந்ததே ஒரு தவறால்தான். ஓய்வு பெற்ற அன்று ஆபீஸ்காரர்கள் சேர்ந்து தங்கமீன் விட்ட ஒரு தொட்டியைப் பரிசாகக் கொடுத்தார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று கும்பகோணத்தில் ஒரு கடையில் மஞ்சளாகச் சில குஞ்சுகளை வாங்கி வந்து விட்டார். கடைக்காரருக்கும் அது என்ன மீன் என்று சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. மறுநாள் தங்கமீன்களுக்கு வால் இல்லை. அதற்கு மறுநாள் தங்கமீன்களே இல்லை. வேறு யாராக இருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இவர் போனில் மணிக்கணக்காக வீடியோ பார்த்து, இது இன்ன ஜாதி, இதற்கு இன்ன குணம் என்று தெரிந்துகொண்டு, பெரிய தொட்டியாக மாற்றி, கல் அடுக்கி, நீல மீன்களையும் சேர்த்துக்கொண்டார்.

"அடிச்சாலும் மூஞ்சிக்கு நேரா அடிக்குதுங்க தம்பி. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி யாரையும் நான் பார்த்ததில்ல."

நீல மீன்களில் பெரியதற்கு சூப்பிரண்டு என்று பெயர். அது தொட்டி முழுக்கத் தனக்குத்தான் பட்டா போட்டுக் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு சுற்றும். அதன் கொட்டம் அளவுக்கு மீறும்போது, மற்ற மீன்கள் தொட்டியிலேயே இருக்க, அதை மட்டும் பிடித்து ஒரு நீல வாளியில் இரண்டு நாள் போட்டுவைப்பார். திரும்பி வரும்போது கல் மாறியிருக்கும், சூப்பிரண்டு கடைநிலை ஊழியனாகியிருக்கும். அந்த வாளியை வேறெதற்கும் தொடக்கூடாது. சோப்புப் பட்ட வாளியில் மீனை விட்டால் அவ்வளவுதான்.

அந்தப் பகுதியில் போர் தண்ணீரைத் திட்டாத ஆள் கிடையாது. வாளியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும். பருப்பு வேகாது. தலையில் ஊற்றினால் முடி கையோடு வரும் என்று என் மனைவி நாளுக்கு ஒரு முறை சொல்வாள். குடிக்கவும் சமைக்கவும் எல்லோரும் கேன் தண்ணீர்தான் வாங்கினோம். அந்தத் தண்ணீருக்காக வக்காலத்து வாங்கிய ஒரே ஜீவன் எங்கள் வீட்டுக்காரம்மா. அந்த ஆப்பிரிக்க ஏரித் தண்ணீரும் இப்படித்தான் கடினமானதாம். போதாததற்குப் பூம்புகார் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களை வேறு தொட்டிக்குள் போட்டிருந்தார், தண்ணீர் இன்னும் கடினமாக இருக்கட்டும் என்று.

ஒரு ஆடிப்பெருக்கன்று வாத்தியார் மனைவி காவிரியில் குளித்துவிட்டு ஒரு சொம்பு நீர் கொண்டுவந்தார். வீட்டில் தெளித்ததுபோக மீதியைப் புண்ணியமாகப் போகட்டும் என்று தொட்டியில் ஊற்றிவிட்டார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்காரம்மா திட்டவில்லை. கும்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"அம்மா, உங்க மனசு நல்ல மனசு. ஆனா இதுங்களுக்குக் காவேரி ஒத்துக்காது. நாம மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குளிக்கிறோமே அந்த உப்புத்தண்ணிதான் இதுங்களுக்குத் தீர்த்தம். ஒரு சொம்புங்கிறதால தப்பிச்சுது. குடமா எடுத்துட்டு வந்துடாதீங்க."

இத்தனை சொன்னேன். இனி வீட்டை ஒட்டியிருந்த ஒரு சந்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அவர் வீட்டுக்குக் கிழக்கே, ஒரு சந்து விட்டு அடுத்த வீடு அவருடைய அக்காவினுடையது. அப்பா விட்டுப்போன ஒரே மனையை இரண்டாக்கி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டவர்கள். நடுவில் விழுந்த சந்து யாருக்கு என்பதில் வந்தது வினை. பத்திரத்தில் ஒரு அளவு, கல் நட்ட இடத்தில் ஒரு அளவு. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்துவிட்டு, அரை அடி இடிக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த அரை அடியில் அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். கொல்லைப்பக்கம் இரண்டு வீட்டுக்கும் நடுவே சந்துக்கு இரும்புக் கதவு போட்டு அதில் அக்கா ஒரு பூட்டுப் போட்டார். மறுநாள் தங்கை அதே கதவில் இன்னொரு பூட்டுப் போட்டார். ஒரு சாவி அந்த வீட்டில், ஒரு சாவி இந்த வீட்டில். ஆக, அந்தக் கதவை உலகத்தில் யாராலும் திறக்க முடியாது. உள்ளே நாயுருவி முளைத்து, பூனைகள் குடும்பம் நடத்தின.

ஊரில் உள்ளவர்களின் இடத்தையெல்லாம் கலைத்துப்போடுகிறவர் இந்த அரை அடியில் மட்டும் சூப்பிரண்டு மாதிரி நின்றார். அதை அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியமில்லை.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் மனைவியிடம் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாராம். சங்கிலி பிடித்த அன்று வாய்வார்த்தை தடித்து, அக்கா, "புள்ளகுட்டி இல்லாதவளுக்கு எதுக்குடி அரை அடி?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். அந்த அக்காவுக்கு ஒரே மகள். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாப்பிட்டதும் தூங்கியதும் சித்தி மடியில்தான். ஆபீசுக்கு லீவு போட்டு அவளுக்கு அம்மை வார்த்தபோது பார்த்துக்கொண்டதும் இவர்தான். அதையெல்லாம் வைத்துக்கொண்டு அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். என் மனைவி இதைச் சொன்ன பிறகு பைக் விஷயமாக நான் சண்டை போடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த மகளுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாயிற்று. பேச்சு வார்த்தை நின்ற பிறகும் அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து சித்தியைப் பார்ப்பாள். மீனுக்குத் தீனி போடுவாள். எதையெல்லாம் இடம் மாற்றியிருக்கிறார் என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக் கேலி செய்துவிட்டுப் போவாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து தரையில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். நான் வாடகை கொடுக்கப் போயிருந்தேன். திரும்பிவிடலாம் என்று பார்த்தால் அவர் உட்காரச் சொல்லிவிட்டார்.

"சித்தி, நீங்க வரலைன்னா நான் மணையில உட்கார மாட்டேன்."

"உங்கம்மா தாம்பூலத் தட்டோட வந்து பத்திரிகை வைக்கட்டும், வரேன்."

"தங்கச்சிதானே, அவ ஒரு வார்த்தை கூப்பிட்டா நான் போறேன்னு அம்மா சொல்றாங்க."

"நான் என்னத்துக்குக் கூப்பிடணும்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அம்மா, புதுசா மாப்பிள்ளை வர்றாரு. கல்லைக் கலைக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாடகை கொடுத்துட்டீங்கல்ல தம்பி?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் என் துணிக்கொடி இடம் மாறியிருந்தது.

அந்த வாரத்தில் மஞ்சள் பெண்மீன் ஒன்று தீனிக்கு வருவதை நிறுத்தியது. தாடை உப்பி, வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு கல்லுக்குப் பின்னால் நின்றது. முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறதாம். குஞ்சு நீந்துகிற வரை, மூன்று வாரம் போல, ஒன்றும் தின்னாமல் அப்படியே இருக்குமாம். பயந்தாலோ அடிபட்டாலோ துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். வீட்டில் கதவைக்கூட மெதுவாகச் சாத்தச் சொன்னார். கல்யாணப் பெண் வந்து பார்த்துவிட்டு, "என் கல்யாணத்தன்னிக்கி குஞ்சு வந்துடுமா சித்தி?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு முன்தினம் அக்கா வீட்டில் பந்தல், வாழைமரம், உறவுக்கூட்டம். கொல்லையில் கோட்டை அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சமையல். எங்கள் எல்லோருக்கும் பத்திரிகை வந்திருந்தது. அவருக்கு மட்டும் வரவில்லை. காலையிலிருந்து அவர் வீட்டுக்குள் மேஜையை நகர்த்துவதும் பீரோவைத் திருப்புவதுமாக ஒரே சத்தம். மூன்று மணிக்கு என்னையும் வாத்தியாரையும் கூப்பிட்டார்.

"தொட்டியை அந்தப் பக்கச் சுவரோரமா வச்சிடலாம். பந்தல் லைட்டு ஜன்னல் வழியா விழுந்து பாசி புடிக்குது."

பகல் மூன்று மணி. பந்தல் விளக்கை இன்னும் போடவேயில்லை. அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே சந்தைத் தாண்டி அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல். அதற்குள் நடமாடும் பட்டுப்புடவைகளைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். வீட்டில் எல்லாச் சாமானும் பலமுறை இடம் மாறியிருக்கிறது; தொட்டி மட்டும் மாறியதே இல்லை. தண்ணீரோடு தொட்டியை நகர்த்தவே கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான். வாத்தியார் அதை நினைவுபடுத்தினார்.

"பாதித் தண்ணியை மொண்டு கொட்டிட்டேன், ஒரு வாளி மட்டும் எடுத்து வச்சிருக்கேன். கல்லையும் எடுத்தாச்சு. ஒண்ணும் ஆகாது, புடிங்க."

பிடித்தோம். இரண்டடி நகர்ந்திருப்போம். என் கைப்பக்க மூலையில் டப்பென்று ஒரு சத்தம். ஒட்டு விட்டுக் கண்ணாடி பிளந்து, தண்ணீர் என் வேட்டியை நனைத்துக் கூடமெல்லாம் ஓடியது. தரையில் மஞ்சளும் நீலமுமாகத் துள்ளின. நாங்கள் மூன்று பேரும் தவழ்ந்து தவழ்ந்து பிடித்தோம். சத்தம் கேட்டு ஓடிவந்த என் மனைவி வாசற்படியில் இரண்டைத் தடுத்துப் பிடித்தாள். அவர் மஞ்சள் பெண்மீனை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். அதன் வாய் மூடியே இருந்தது.

எல்லாவற்றையும் அந்த ஒரு நீல வாளியில் போட்டோம். அந்த ஒரு வாளித் தண்ணீரில் அத்தனை மீனும் அடங்குமா? இடநெருக்கடியில் சூப்பிரண்டு உடனே வேலையை ஆரம்பித்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் கடித்தது. மஞ்சள் மீன் வாளியின் அடியில் மூலையைத் தேடிச் சுற்றியது. வாளிக்கு ஏது மூலை. மற்ற வாளி, பக்கெட், டப் எல்லாம் சோப்புப் பட்டவை. பெரிய பாத்திரம், சுத்தமான பாத்திரம், உடனே வேண்டும். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"பக்கத்து வீட்டுல அண்டா இருக்கு" என்றாள் என் மனைவி.

வாளிக்குள்ளிருந்து தண்ணீர் தெறித்தது.

அவர் வாளியைப் பார்த்தார். பிறகு, தெருவைச் சுற்றிப் போக நேரமில்லாததால், இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சந்துக் கதவில் தன் பூட்டைத் திறக்க முயன்றார், துரு. என் மனைவி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து விட்டதும் திறந்தது. அக்காவின் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள்.

"அக்கா" என்றார். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டார். "அக்கா!"

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. அக்கா வந்தார். கையெல்லாம் மாவு. தங்கையைவிடப் பருமன், ஆனால் அதே முகம், அதே முறைப்பு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, நனைந்த புடவையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அக்கா, தொட்டி உடைஞ்சிடுச்சு."

"கை கால் அறுத்துக்கிட்டியாடி?"

"இல்லக்கா."

"மீனு?"

"வாளியில கிடக்கு. அடிச்சுக்குதுங்க. ஒரு அண்டா இருந்தா..."

அக்கா திரும்பிக் கத்தினார். "சந்துக் கதவு சாவி எங்க? யாராவது எடுத்துட்டு வாங்களேன்!" கல்யாண வீட்டில் சாவி கிடைக்குமா? அவர் இரண்டு முறைக்கு மேல் கத்தவில்லை. சமையல் மாஸ்டரிடம் கடப்பாரையை எடுத்து வரச் சொல்லி, "உடைய்யா" என்றார். ஒரே நெம்பு. இத்தனை வருஷம் இரண்டு வீட்டையும் நிறுத்திவைத்திருந்த பூட்டு, நாயுருவிக்குள் போய் விழுந்தது.

கொல்லையில் அடுப்பேறாமல் இருந்த ஒரே அண்டாவில், மறுநாள் சாம்பாருக்கென்று வண்டியில் வரவழைத்த நல்ல தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நான் வாளியைச் சாய்க்கப் போனேன்.

"தம்பி, வேணாம்!" என்று இரண்டு குரல். ஒன்று அவருடையது. இன்னொன்று அக்காவுடையது.

"அதுங்களுக்குப் போர் தண்ணிதான் ஆகும்" என்றார் அக்கா, எனக்கு அதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "மாஸ்டர், இதைக் கொட்டிட்டு மோட்டாரைப் போடுங்க."

"அம்மா, சாம்பாருக்கு வச்ச தண்ணிம்மா. பருப்பு வேகாதும்மா."

"கொட்டுய்யான்னா!"

நல்ல தண்ணீர் வாழைமரத்தடிக்கு ஓடியது. அண்டாவில் போர் தண்ணீர் நிறைந்தது. செங்கல்லைக் கழுவி உள்ளே அடுக்கினோம். எப்படி அடுக்குவது என்று அவர் சொல்லச் சொல்ல, மாவுக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அக்காவே அடுக்கினார். மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண் ஜன்னலில் நின்றாள். வாளியின் மீதித் தண்ணீரோடு மீன்களை மெல்ல விட்டோம். ஒவ்வொன்றாகச் செங்கல் இடுக்கில் போய் ஒளிந்தன. மஞ்சள் பெண்மீன் கடைசியாகப் போயிற்று. வாயைத் திறக்கவே இல்லை.

"அதான் வாயில முட்டை வச்சிருக்கிறதா?" என்று அக்கா குனிந்து பார்த்தார். "இளைச்சுப் போயிடுச்சு. போன வாரமே தெரிஞ்சுது."

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"அடுப்படி ஜன்னல்லேர்ந்து தெரியும்ல. நின்னு நின்னு பார்ப்பேன். அங்கேயே நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குடி நகர்த்துனே?"

அவர் குனிந்து நனைந்த முந்தானையைப் பிழிந்தார். அக்கா உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டுவந்து, அந்தச் சேற்றிலேயே நின்றுகொண்டு நீட்டினார். "நீ கூப்பிட்டே, நான் வந்தேன். புடி. காலையில ஏழரைக்கு முகூர்த்தம்." இருவரும் அழுதார்கள். வாத்தியார் மனைவியும் என் மனைவியும் காரணமில்லாமல் சேர்ந்துகொண்டார்கள். சமையல் மாஸ்டர் மட்டும் தன் அண்டாவைப் பார்த்துக் கண்கலங்கினார்.

அந்த அழுகை அடங்கக்கூட இல்லை. வீட்டுக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சுற்றும் முற்றும் பார்த்தார். "அடுப்பை ஏன்க்கா இந்த மூலையில போட்டீங்க? புகையெல்லாம் பந்தலுக்குள்ள போகுது. மாஸ்டர், அதை இப்படித் தள்ளிப் போடுங்க."

"ஆரம்பிச்சுட்டியா?" என்றார் அக்கா.

மறுநாள் பந்தலில் அவர் ஒரு இடத்தில் இல்லை. மாப்பிள்ளை வீட்டாரை ஒரு பக்கமும் பெண் வீட்டாரை ஒரு பக்கமும் உட்காரவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, நாற்காலியெல்லாம் கலைத்து, இரண்டு பக்கத்து ஆட்களையும் கலந்து உட்காரவைத்துவிட்டார். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் எங்கள் நர்ஸிடம் தன் சர்க்கரை வியாதியைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பாரில் பருப்பு கொஞ்சம் வேகாமல்தான் இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களை எங்கே தூக்கிப் போட்டிருப்பாரோ.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். அக்கா மேடையிலிருந்து இறங்கிவந்து, நாற்காலி தூக்கிக்கொண்டிருந்த தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து மேலே கூட்டிப்போய்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். உறவுக்காரர்கள் எல்லோரும் நின்று ஒரு படம் எடுத்தார்கள்.

"அடுத்து பொண்ணோட அம்மா மட்டும்" என்றார் போட்டோக்காரர். "மத்தவங்க கொஞ்சம் இறங்கிக்குங்க."

எல்லோரும் இறங்கினார்கள். அவரும் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கத் திரும்பினார். அக்கா பிடித்த கையை விடவில்லை.

"அம்மா மட்டும்தாங்க" என்றார் போட்டோக்காரர் மறுபடி.

"ஆமாய்யா" என்றார் அக்கா. "அதான் நிக்கிறோம்ல. எடு."